துக்க வீட்டில் ஐசிங் குக்கீ: எந்தச் சாமான் கைகொடுக்கும், எது காலை வாரும்

ஐசிங் குக்கீ சாமான்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் வழக்கமாகப் பார்ப்பது மூன்று விஷயம்: வழவழப்பாக வருகிறதா, நிறம் எடுப்பாக இருக்கிறதா, விலை கட்டுப்படியாகிறதா. வீட்டில் ஒருவரை இழந்த பிறகு கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று இதில் இறங்குகிறவர்களுக்கு இந்த மூன்றும் இரண்டாம்பட்சம். அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, எந்த இடத்திலும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போக முடியுமா என்பதுதான். துக்கம் விசாரிக்க ஆள் வருவார்கள். இறப்புச் சான்றிதழ் கேட்டு வங்கியிலிருந்து போன் வரும். சில நேரம் யாரும் வராமலே கை நின்றுவிடும். அரை மணி கழித்துத் திரும்பும்போது மாவும் ஐசிங்கும் பாழாகிக் கிடந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். இங்கே ஒவ்வொரு சாமானையும் அந்த ஒரு உரைகல்லில்தான் உரைத்திருக்கிறது.

கேக்குக்கும் பிரெட்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது. பேக்கிங் பவுடர் ஈரத்தில் விழுந்துவிட்டால் காத்திருக்காது. ஈஸ்ட் தன் இஷ்டத்துக்குப் பொங்கும். முட்டை வெள்ளையும் ஐசிங் சுகரும் அடித்துச் செய்து, கெட்டியாகக் காய்கிற ராயல் ஐசிங் பூசிய குக்கீயோ மாவு, சுடுதல், ஐசிங் என்று தனித்தனி மூன்று வேலை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நாளும் விடலாம், ஒரு மாதமும் விடலாம். துக்கத்துக்கும் பிஸ்கட்டுக்கும் உள்ள உறவும் பழையதுதான். இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பக்கம் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சவ அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு பிஸ்கட்டைத் தாளில் சுற்றி, கறுப்பு அரக்கு முத்திரை வைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்தத் தாளில் செய்யுள் வரிகளை அச்சடிப்பதும் உண்டு. 31-ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியில், இறந்தவர்மேல் பாடிய செய்யுள்களை அச்சிட்ட 'கல்வெட்டு' என்ற சிறு நூலைக் கொடுக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு இது ஒன்றும் அந்நியமாகப் படாது.

முதலில் தராசு. மனம் ஒரு நிலையில் இல்லாதபோது கப் கணக்கு நிச்சயம் தப்பும். மூன்றாவது கப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் மாவைக் கொட்ட வேண்டியதுதான். அதனால் டிஜிட்டல் தராசு கட்டாயம். ஆனால் மலிவான தராசுகள் பலவற்றில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் தானாக அணைந்துவிடும், அதோடு பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த கணக்கும் போய்விடும். வாசல் மணி அடித்து எழுந்து போய் வந்தால் கிண்ணத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது கடவுளுக்கே வெளிச்சம். நேரம் கழித்து அணைகிற மாடல், அல்லது அந்த வசதியை நிறுத்திவைக்க முடிகிற மாடல் என்று கேட்டு வாங்குங்கள். கையில் இருப்பது பழைய ரகம் என்றால், ஒவ்வொரு பொருளையும் தனிக் கிண்ணத்தில் அளந்து வைத்துக்கொண்டு, எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு கலக்கத் தொடங்குங்கள்.

அளவு இது: உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 1, வனிலா எசென்ஸ் ஒன்றரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், மைதா 400 கிராம். உப்பு போட்ட வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் தனி உப்பு வேண்டாம். முட்டை கூடாத வீட்டில் அதற்குப் பதில் 45 மி.லி. பால் சேர்த்தால் போதும். குக்கீ கொஞ்சம் கடினமாக வரும், அவ்வளவுதான். பேக்கிங் பவுடர் எதற்கும் வேண்டாம். அது போட்டால் குக்கீ ஓவனில் உப்பி ஓரம் கலையும், மேல்பரப்பு மேடுபள்ளமாகும், ஐசிங் ஒரு பக்கமாக வழியும். வெண்ணெயில் விரல் வைத்தால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. பளபளப்பு வந்தால் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். சர்க்கரையோடு ஒரு நிமிடத்துக்கு மேல் அடிக்காதீர்கள். கேக்குக்கு அடிப்பதுபோல் நுரைக்க அடித்தால் உள்ளே போன காற்று ஓவனில் விரிந்து வடிவத்தைக் கெடுத்துவிடும்.

மாவு திரண்டதும் உருண்டையாகவே ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. வேண்டாத வேலை. கல்லாகிப்போன உருண்டையைத் தேய்ப்பதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும். மென்மையாக இருக்கும்போதே இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து 6 மி.மீ. கனத்துக்குத் தேய்த்துவிட்டு, அந்தத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஃபிரீசரில் படுக்க வையுங்கள். காற்றுப் புகாமல் சுற்றியிருந்தால் மூன்று மாதம் வரை தாங்கும். வெட்டிய பிறகு இன்னொரு 15 நிமிடம் ஃபிரீசர், பிறகு 175 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம். ஓரம் லேசாக நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டும். 7.5 செ.மீ. வட்டக் கட்டரில் இந்த அளவுக்கு 24 முதல் 28 வரை தேறும்.

நடுவில் எழுந்து போகவே முடியாத பெரிய இடம் இந்த ஓவன் நேரம்தான். இதற்குப் போன் அலாரத்தை நம்பக் கூடாது, அழைப்பு வந்து பேச்சில் ஆழ்ந்தால் அலாரம் காதில் விழாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற தனி டைமர் நல்லது. தூக்க மாத்திரை போட்டுக்கொண்ட இரவில் ஓவன் பக்கமே போக வேண்டாம். அந்த நேரத்துக்கு மாவு தேய்க்கிற வேலை இருக்கிறது.

இனி ஐசிங். இந்தச் சாமான் பட்டியலில் முழு மதிப்பெண் வாங்குவது மெரிங்கு பவுடர். உலர்த்திய முட்டை வெள்ளைக் கருவோடு சோள மாவு, சர்க்கரை, பிசின், கொஞ்சம் புளிப்பு என்று சேர்த்த பொடி. அமெரிக்காவின் வில்டன் நிறுவனத்து டப்பாதான் பலருக்கும் பழக்கம். 113 கிராம், 227 கிராம் அளவுகளில் வருகிறது. டப்பாவின் அளவுப்படி: பொடி 3 டேபிள்ஸ்பூன், ஐசிங் சுகர் சுமார் 450 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 5 டேபிள்ஸ்பூன், அதாவது 75 மி.லி. மின் பீட்டரில் குறைந்த வேகத்தில் 7 முதல் 10 நிமிடம் அடித்தால், தூக்கும் கரண்டியில் கூம்பு நிமிர்ந்து நிற்கும். வேகத்தைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும், ஆனால் உள்ளே காற்று ஏறி, காய்ந்த பிறகு ஐசிங் பொரபொரவென்று உடையும். கிண்ணத்திலோ துடுப்பிலோ எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது. எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தை எலுமிச்சைச் சாற்றால் ஒரு முறை துடைத்துக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் பிசுக்கு எவ்வளவு கழுவினாலும் ஒட்டியிருக்கும்.

அடித்த ஐசிங்கின் மேல்பரப்பைத் தொடும்படி கிளிங் ஃபிலிம் ஒட்டி மூடினால் அறை வெப்பத்தில் ஒரு வாரம், ஃபிரிட்ஜில் மூன்று வாரம் இருக்கும். அடியில் தண்ணீர் பிரிந்து நிற்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், கரண்டியால் கலக்கினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். பச்சை முட்டை வெள்ளைக் கருவில் செய்த ஐசிங்குக்கு இந்தப் பொறுமை இல்லை. ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு மூன்று நாளில் முடித்தாக வேண்டும். வந்து போகிறவர்களில் முதியவர்களும் கர்ப்பிணிகளும் இருக்கிற வீட்டில் பச்சை முட்டை தேவையில்லாத ஆபத்தும்கூட. கடையில் 'மெரிங்கு மிக்ஸ்' என்று வேறொன்றும் விற்கும். அதில் ஏற்கெனவே நிறையச் சர்க்கரை கலந்திருக்கும், மெரிங்கு என்ற முட்டை நுரை இனிப்பைச் சுடுவதற்கானது. அதை ஐசிங்குக்கு வாங்கினால் பதமே வராது.

லண்டன் பக்கம் இருப்பவர்கள் இத்தனை யோசிக்க வேண்டியதில்லை. பல்பொருள் அங்காடியிலேயே 'ராயல் ஐசிங் சுகர்' என்ற பாக்கெட் கிடைக்கும், முட்டைப் பொடி உள்ளேயே கலந்தது. தண்ணீர் விட்டு அடித்தால் முடிந்தது. மூளை ஓடாத நாளுக்கு அதைவிடச் சௌகரியம் எதுவும் இல்லை. சாதாரண ஐசிங் சுகர் பாக்கெட்டும் அதே அலமாரியில்தான் இருக்கும், பெயரை ஒருமுறைக்கு இருமுறை பார்த்து எடுங்கள்.

நம் வீடுகளில் இதற்கு முன்பே வந்து நிற்கும் சிக்கல் ஒன்று உண்டு. மெரிங்கு பவுடர் முட்டை. இந்தியாவில் அசைவக் குறியோடுதான் வரும். பதினாறாம் நாள் வரைக்கும், ஈழத்து வீடுகளில் 31 வரைக்கும், மரக்கறிதான் என்று இருப்பவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு வழி கொண்டைக்கடலை வெந்த தண்ணீர். உப்புப் போடாமல் வேகவைத்த நீரைச் சுண்டக் காய்ச்சி, ஆறிய பிறகு 80 மி.லி. எடுத்து, நுரையைத் தாங்கும் புளிப்புப் பொடியான க்ரீம் ஆஃப் டார்டர் கால் டீஸ்பூன் சேர்த்து நுரைக்க அடித்து, 450 கிராம் ஐசிங் சுகரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சுண்டாத நீரில் ஐசிங் நீர்த்துப்போய்க் காயவே காயாது. நன்றாகச் செய்தாலும் மெரிங்கு பவுடர் அளவுக்குக் கெட்டியாகக் காயாது, அடுக்கினால் மேலே தடம் விழும், ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். கடலை வாசனை வனிலாவில் அடங்கிவிடும். விரதத்துக்கு இது நல்ல மாற்று. மற்றவர்கள் இதைத் தேடிப்போக வேண்டியதில்லை.

ஐசிங் சுகரை மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாமே என்பார்கள். எவ்வளவு அரைத்தாலும் ஒன்றிரண்டு பரல் மிஞ்சும், அது சரியாக, ஐசிங் பிதுக்கும் பையின் நுனியில் மாட்டுகிற நாசிலின் வாயில் போய் உட்காரும். கடைப் பாக்கெட்டையே சலித்துப் போடுங்கள்.

ஓரம் கட்ட ஒரு பதம், உள்ளே நிரப்ப ஒரு பதம், எழுத ஒரு பதம் என்று மூன்று வகை வைத்துக்கொள்வது தொழில்முறை ஆட்களின் வழக்கம். இரண்டு நிறம் என்றாலே ஆறு பை ஆகிவிடும். துக்க வீட்டுக்கு ஒரே பதம் போதும்: கிண்ணத்து ஐசிங்கில் கத்தியால் கோடு இழுத்தால் 12 முதல் 15 விநாடியில் கோடு மறைய வேண்டும். அதற்கு முன்பே மறைந்தால் ஓரத்தைத் தாண்டி வழியும், கொஞ்சம் ஐசிங் சுகர் சேர்க்கலாம். 20 விநாடி ஆகியும் மறையவில்லை என்றால் மேடாக நிற்கும், ஸ்பிரே பாட்டிலில் ஒரு பீச்சு தண்ணீர் போதும். கரண்டியால் தண்ணீர் விட்டால் கைமீறும்.

பைப்பிங் பையில் உலோக நாசில் போட்டது அழகாகத்தான் வேலை செய்யும். ஆனால் பத்து நிமிடம் மேசையில் கிடந்தால் நுனியில் ஐசிங் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஊசி விட்டுக் குத்தினால் நாசிலின் வாய் விரிந்துவிடும், அப்புறம் கோடு கோணும். நாசில் தேவைப்படாத மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்குத்தான் இங்கே கூடுதல் மதிப்பெண். நுனியைக் கத்தரிக்கோலால் மயிரிழை வெட்டினால் கோடு, கொஞ்சம் கூட வெட்டினால் நிரப்பல். எழுந்து போகும்போது, அடியில் நனைத்த டிஷ்யூ போட்ட டம்ளரில் நுனி கீழே இருக்கும்படி நிறுத்திவிட்டுப் போகலாம். வந்து பார்க்கும்போது அப்படியே இருக்கும். முடிச்சுப் போடுவதைவிடத் துணி கிளிப் வசதி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நிரப்பத் தொடங்கிய குக்கீயை முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். ஓரிரு நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும், பிறகு தொட்டால் சுருக்கம் விழும்.

காய்வதில்தான் நம் ஊர்க் காற்று விளையாடும். சர்க்கரை ஈரத்தை இழுக்கும் பொருள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மழைக்காலத்தில் திறந்த ஜன்னலோரம் வைத்தால் மறுநாளும் ஒட்டும். மின்விசிறிக்கு நேர் எதிரே வைத்தால் மேல் ஆடை சீக்கிரம் கட்டும், பளபளப்பும் நிற்கும். சின்னச் சின்ன இடங்களை நிரப்பும்போது நடுவில் குழி விழுவது எல்லாருக்கும் நடப்பது. அடியில் ஈரமிருக்க மேலே ஆடை பலமில்லாமல் உள்ளே அமுங்கிவிடுகிறது. அந்த இடத்தில் முதலில் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவிட்டு மேலே நிரப்பினால் ஆடைக்குத் தாங்கல் கிடைக்கும். உணவு உலர்த்தும் டீஹைட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் 40 டிகிரிக்குள் 20 நிமிடம் வைத்து எடுத்தால் குழித் தொல்லை பெருமளவு குறையும். இதற்கென்று புதிதாக வாங்கும் அளவுக்கு அவசியமான கருவி அல்ல. அடுக்கும் அளவுக்குக் காய ஓர் இரவு வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்துக் காய வைக்கிற யோசனை ஆபத்து: வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் கசியும்.

நிறத்துக்குத் தண்ணீர்ச் சாயம் வேண்டாம், பதத்தைக் கெடுக்கும். ஜெல் கலர் இரண்டு போதும். கறுப்பு ஐசிங் துக்கத்துக்குப் பொருத்தம் என்று தோன்றலாம், ஆனால் சாப்பிட்டவர் பல்லும் நாக்கும் கறுத்துவிடும். அப்படி நின்றுகொண்டு யாரும் துக்கம் விசாரிக்க விரும்பமாட்டார்கள். அதோடு அடர் நிறத்துக்கு ஜெல் நிறையத் தேவை. அந்த ஐசிங் காயத் தாமதமாகும், பக்கத்து வெள்ளைக்குள் கசியும். சந்தன நிறம், இளம் பச்சை, மங்கலான நீலம் போன்றவை சரியாக வரும். கறுப்பு வேண்டுமென்றால் கோடாக மட்டும், அதுவும் அடித்தளம் எட்டு மணி நேரம் காய்ந்த பிறகு. முதலில் கொஞ்சம் கோகோ பவுடர் சேர்த்துப் பழுப்பாக்கிக்கொண்டால் கறுப்பு ஜெல் பாதிதான் பிடிக்கும். ஓர் இரவு வைத்தால் நிறம் தானாக ஏறும். வெள்ளை ஜெல்லில் வழக்கமாக இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அதை உணவில் தடை செய்துவிட்டது. பாரிஸிலோ பெர்லினிலோ இருப்பவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோகும் பாட்டிலின் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டாலும் ஐசிங் நன்றாக அடிபட்டால் போதுமான வெள்ளை வரும்.

இந்தப் பட்டியலில் விலைக்கு மிஞ்சிய பலன் தருவது உண்ணத்தக்க மை பேனா. இறந்தவரின் கையெழுத்தைக் குக்கீயில் கொண்டுவர இதுதான் வழி. பழைய கடிதம், மளிகைச் சீட்டு, நோட்டுப் புத்தகத்து அட்டை, எதில் அவர் எழுத்து இருந்தாலும் சரி. படம் எடுத்து, குக்கீ அளவுக்குப் பெரிதாக்கி அச்செடுத்து, மேலே பட்டர் பேப்பர் வைத்துப் பென்சிலால் எழுத்தைப் பிரதி எடுங்கள். பென்சில் பட்ட பக்கம் மேலே இருக்கும்படி அந்தப் பேப்பரைக் காய்ந்த ஐசிங் மேல் வைத்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகப் புள்ளி குத்திக்கொண்டே போனால் ஐசிங்கில் தடம் விழும். பேப்பரை எடுத்துவிட்டுப் பேனாவால் புள்ளிகளைச் சேர்த்தால் அவர் போடும் சுழியும் சாய்வும் அப்படியே வந்துவிடும். புள்ளிகள் பேசாமல் காத்திருக்கும். இன்று பாதி, நாளை மீதி என்று செய்யலாம். ஐசிங் 24 மணி நேரம் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேனா நுனி உள்ளே இறங்கும். நுனியில் சர்க்கரை ஏறி மை வராமல் போனால் ஈர டிஷ்யூவில் ஒரு தொடல் போதும். சிலர் இதற்குச் சின்ன புரொஜெக்டர் வாங்குகிறார்கள். ஒரு வீட்டுத் தேவைக்கு அது வீண் செலவு.

பையால் தமிழ் எழுத நினைத்தால் எழுத்தின் உயரம் ஒன்றரை செ.மீ.க்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே போனால் ண, ஐ போன்றவற்றின் சுழி நிரம்பி வெறும் உருண்டையாகிவிடும்.

சர்க்கரைத் தாளில் புகைப்படம் அச்சிட்டுத் தரும் சேவை எல்லா ஊரிலும் இருக்கிறது. அச்சு நன்றாகவே வரும், லேசாக ஈரம் தடவிய ஐசிங்கில் ஒட்டியும்விடும். ஆனால் இறந்தவர் முகத்தை யார் கடிப்பார்கள்? தட்டில் அப்படியே மிஞ்சும், தூக்கிப் போடவும் மனம் வராது. அவர் வளர்த்த செம்பருத்தியையோ, கையிலேயே இருந்த காபி டபராவையோ தாளில் எடுப்பது மேல்.

ஆயத்த குக்கீ கிட்டுகள் பரிசாக வரும், அன்போடுதான் அனுப்புவார்கள். சுட்ட குக்கீ, பிதுக்கும் ஐசிங் பை, தூவும் மணி என்று எல்லாம் உள்ளே இருக்கும். ஓவன் வேலை இல்லை என்பது நிறை. பல கிட்டுகளின் ஐசிங் கெட்டியாகக் காயாத வகை, பையின் வாயும் பெரிது, மேலே சிரிக்கும் முகமும் பலூனும். அந்தப் பைகளை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் ஐசிங்கை அந்தக் குக்கீயில் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், வெள்ளையாக நிரப்பிக் காய்ந்த குக்கீயும் ஜெல் கலர் தொட்ட தூரிகையும் கொடுங்கள். தூரிகை ஏறக்குறைய உலர்ந்திருக்க வேண்டும், தண்ணீர் கூடினால் ஐசிங் கரைந்து பள்ளம் விழும்.

கொடுத்தனுப்பும்போது ஒவ்வொன்றையும் ஒட்டும் வாய் உள்ள தனிக் கவரில் போட்டு, பெட்டியில் படுக்க வைக்காமல் தட்டுகளை நிறுத்துவதுபோல் நெருக்கமாக நிறுத்தி, இடைவெளியில் தாளைக் கசக்கி வையுங்கள். படுக்க வைத்தால் மேலே இருக்கும் எடை முழுவதும் அடிக் குக்கீயின் தலையில் இறங்கி, பெட்டி ஒருமுறை குலுங்கினாலே ஐசிங் விரிசல் விடும். முழுவதும் காய்ந்த குக்கீ காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் வரை நன்றாக இருக்கும். ஃபிரீசரில் வைத்தவற்றை எடுத்தால், அறை வெப்பத்துக்கு வரும்வரை டப்பாவைத் திறக்க வேண்டாம்.